மார்கழி வந்தது, குளிர் வரவில்லை: வீட்டுத்தோட்டக் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், மலைநாட்டிலிருந்தோ வடக்கிலிருந்தோ கொழும்புக்கு வீடு மாறி முதல் மார்கழியைப் பார்ப்பவர்கள் எழுதியவை. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: குளிர் எங்கே?

கேள்வி: நுவரெலியாவில் இருபது வருடம் தோட்டம் செய்துவிட்டு மகளோடு வத்தளைக்கு வந்துவிட்டேன். அங்கே தை மாதம் விடியப் பார்த்தால் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். இங்கே மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் நித்திரை இல்லை. குளிர் தொடங்கியதும் போடலாம் என்று கரட், லீக்ஸ், சலாது விதைகளை எடுத்து வைத்திருக்கிறேன். நவம்பரில் நட்ட கோலிபிளவர் நாலும் முழ நீளத்துக்கு இலை விட்டு நிற்கின்றன, பூவைக் காணவில்லை. என்ன செய்யலாம்?
— வத்தளை வாசகி

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா, இதுதான் கொழும்பின் குளிர். ஆண்டிலேயே குளிர்ந்த இரவுகள் இங்கே ஜனவரியில்தான். அப்போதும் சராசரி 22 பாகை செல்சியசுக்குக் கீழே பெரிதாக இறங்காது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஆறரைப் பாகை குறையும் என்று கணக்குப் போட்டால் 12 பாகை வித்தியாசம் வரும். 22இல் 12 போனால் 10. நீங்கள் பழகிய ஜனவரி இரவு அதுதான். பகல் நீளமோ இரண்டு ஊருக்கும் ஒன்றே. ஆகவே உங்கள் பயிர்கள் தேடுவது குளிரைத்தான், அது இங்கே இல்லை.

இங்கே மாறுவது மழை. ஒக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும், டிசம்பரில் பாதியாகும், ஜனவரியில் நூறைத் தொடாது. பழைய குறிப்பேட்டில் 'குளிர் தொடங்கியது' என்று எழுதிய இடத்தில் 'மழை விட்டது' என்று எழுதிக்கொள்ளுங்கள், மிச்சக் கணக்கெல்லாம் சரியாக வரும்.

கோலிபிளவருக்கு வருவோம். பூ உருவாவதற்குக் கன்று சில வாரம் தொடர்ந்து குளிரை உணர வேண்டும். மலைநாட்டு ரகங்களுக்கு அது கிடைக்காவிட்டால் இலையை மட்டும் விட்டுக்கொண்டே போகும். எவ்வளவு பசளை போட்டாலும் பூ வராது, யூரியா போட்டால் இலை இன்னும் பெருக்கும். வெப்பத்துக்கென்று தெரிந்தெடுத்த இந்திய முற்கால ரகங்கள் 25 பாகையிலும் பூ வைக்கும், ஆனால் பூ சிறியது, சீக்கிரம் மஞ்சளாகி உதிரும். நாலு கன்றையும் பிடுங்கிவிடுங்கள். இளம் இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை செய்யலாம், வீணில்லை.

கோவாவில் (முட்டைக்கோஸ்) ஒரு வழி உண்டு. கே.கே. குறொஸ் போன்ற வெப்பம் தாங்கும் கலப்பினங்கள் சமதரையிலும் சுருண்டு கட்டும். ஆனால் நாள் தவறக்கூடாது: ஒக்டோபர் கடைசியில் கூரைக்குக் கீழே தட்டில் விதைத்து, நாலைந்து இலை வந்ததும் 18 அங்குல இடைவெளியில் நட்டால், சுருளும் காலம் ஜனவரியின் குளிர்ந்த இரவுகளில் விழும். இந்த வருடத்துக்குப் பிந்திவிட்டது. அடுத்த முறை நடும்போது இலையின் அடிப்பக்கத்தை வாரம் இரண்டு தரம் திருப்பிப் பாருங்கள். சின்னப் பச்சைப் புழு நடுக்குருத்தைத் தின்றுவிட்டால் அந்தக் கன்று இனிச் சுருளாது.

கரட் போடலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. நியூ குரோடா ரகம் வெப்பத்தைக் கொஞ்சம் பொறுக்கும். பாத்தியை ஓர் அடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் வேரையும் பொறுக்குங்கள். பச்சைச் சாணம் போட்டால் கிழங்கு இரண்டு மூன்றாகக் கிளைக்கும். நன்றாக மக்கிய கூட்டெரு மட்டும் போதும். விதை அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போகக்கூடாது. நுவரெலியாவில் ஈரம் தானாக நிற்கும், வத்தளை வெயிலில் மேல்மண் மத்தியானத்துக்குள் காய்ந்து விதை முளையிலேயே செத்துவிடும். விதைத்த இடத்தில் ஈரச்சாக்கை விரித்து, காலை மாலை அதன் மேலேயே தண்ணீர் தெளியுங்கள். ஏழு முதல் பத்து நாளில் முளை தெரிந்த அன்றே, மாலையில் சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினால் முளை வெளிறி நீண்டு சாயும். மூன்று வாரத்தில் கன்றுக்குக் கன்று இரண்டு அங்குலம் இருக்கக் கலையுங்கள். கிழங்கு மெலிந்து, நிறம் சற்று வெளுத்துத்தான் வரும். அது சூட்டால் வருவது, உங்கள் கைப்பிழை அல்ல.

சலாது விதை 30 பாகைக்கு மேல் சூடான மண்ணில் உறங்கிவிடும். பலர் 'விதை பழுது' என்று கடைக்காரரோடு சண்டை போடுவது இதனால்தான். விதையை ஈர ரிசுக் கடதாசியில் மடித்து, சிறு டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு மாலையில், நிழலான இடத்தில் மேலோட்டமாகத் தூவுங்கள், மண்ணால் மூட வேண்டாம். நிழல்வலைக்குக் கீழே வளர்த்து, தண்டு நீள முன்பே வெளியிலைகளைக் கிள்ளிச் சாப்பிட்டுவிடுங்கள். தண்டு நீண்டால் கசப்பு ஏறும்.

லீக்ஸ் வேண்டாம். ஐந்து மாதம் இடத்தைப் பிடித்துவிட்டுப் பென்சில் பருமனில் நிற்கும். சின்ன வெங்காயத்தை மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக ஊன்றினால் நாலு வாரத்தில் வெங்காயத்தாள் வெட்டலாம். உருளைக்கிழங்கும் இரவு 20 பாகைக்கு மேல் இருந்தால் கொடியாகவே போகும். அந்த இடத்துக்கு வற்றாளங்கொடி. போஞ்சி பூத்துப் பூத்து உதிர்க்கும். பதிலுக்குப் பயிற்றை, அதிலும் பந்தல் கட்ட இடமில்லாதவர்களுக்குப் புஷிதா என்ற குட்டை ரகம். முள்ளங்கியும் நோக்கோலும் மட்டும் மலையை விட்டு வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் வளரும். முள்ளங்கி 45 நாள், அதற்கு மேல் விட்டால் சக்கை.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா வரும்போது டியூலிப் கிழங்கு கொண்டு வருவதாகச் சொல்கிறார். பம்பலப்பிட்டியில் பூக்குமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: முதலில் சட்டம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நடுகைப் பொருளுக்கு இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். பயணப்பையில் சட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவர வேண்டாம் என்று அண்ணாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முறைப்படி வந்தாலும், டியூலிப்புக்கு 12 முதல் 16 வாரம் 9 பாகைக்குக் கீழே உறக்கம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் காகிதப் பையில் வைத்து அதைக் கொடுக்கலாம். அதே பெட்டியில் அப்பிள், பழுத்த வாழைப்பழம் இருக்கக்கூடாது, அவை விடும் எதிலீன் வாயு உள்ளேயிருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். இவ்வளவும் செய்து நட்டாலும், 30 பாகைப் பகலில் மொட்டு தரையை ஒட்டியே விரிந்து ஓரிரு நாளில் கொட்டிவிடும், அடுத்த வருடத்துக்குக் கிழங்கும் தேறாது. அமரில்லிஸ் என்றும் சொல்லப்படும் ஹிப்பியஸ்ட்ரம் கிழங்கு இங்கேயே கிடைக்கும். ஆறு வாரம் தண்ணீரை நிறுத்திப் பிறகு ஊற்றினால், முந்திய காலத்தில் நன்றாக இலை விட்டுத் தேறிய கிழங்கு பூக்கும்.

கேள்வி: பண்டாரவளையில் வீட்டுப் பின்புறத்தில் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்க்கும். இங்கே தெஹிவளையில் மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த பல்கனி. வாளியில் ஆறு கன்று வைத்தேன். பூ நிறைய, எல்லாம் காம்போடு உதிர்கிறது. ஒரு கன்று இலை பச்சையாக இருக்கவே ஒரே நாளில் வாடிச் செத்தது. எங்கே பிழை?
— தெஹிவளை வாசகர்

பதில்: இரண்டும் இரண்டு வேறு பிரச்சினை.

பூ உதிர்வது இரவுச் சூட்டால். இரவு 15 முதல் 20 பாகைக்குள் இருந்தால் தக்காளிக்குச் சொர்க்கம். 22க்கு மேல் ஏற ஏற மகரந்தம் வலுவிழக்கும், கருக்கட்டாத பூ காம்பில் உள்ள கணுவோடு கழன்று விழும். வெளியே ஜனவரியில் 22 இருக்கலாம், உங்கள் பல்கனியில் இராது. மேற்குச் சுவர் மத்தியானம் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவு பத்து மணி வரை அதைத் திருப்பி ஊதும். இரவு எட்டு மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும். வாளிகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, கைப்பிடிக் கம்பி ஓரம் வையுங்கள். மூன்று மணி வெயிலுக்கு மட்டும் நிழல்வலை இறக்குங்கள். சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் இரண்டு பலகைத் துண்டின் மேல் ஏற்றினால் வேரும் வேகாது.

காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் மூன்று நாலு தரம் சுண்டுங்கள். மூன்றாம் மாடியில் பூச்சி நடமாட்டம் குறைவு, இந்த ஆட்டம்தான் மகரந்தத்தை உதிர்க்கும். யூரியாவை நிறுத்துங்கள், கரும்பச்சையாக இலை சுருண்டு கொழுத்திருந்தால் அதுவும் ஒரு காரணம். விதையைச் செப்டெம்பர் கடைசி – ஒக்டோபரில் கூரைக்குள் போட்டால் பூக்கும் காலம் டிசம்பர் – ஜனவரியாக அமையும், கொழும்பில் அதுவே தக்காளிக்குக் கிடைக்கும் ஒரே நல்ல பருவம். பெரிய சலாதுத் தக்காளியை விடச் சிறுகாய் செரித் தக்காளி சூட்டில் நன்றாகக் கட்டும்.

வாளி 15 லீற்றருக்குக் குறையக்கூடாது, அடியில் சுண்டுவிரல் பருமனில் ஆறு துளை. கலவை: இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள். தும்புத்தூளை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழியுங்கள், தேத்தண்ணி நிறம் போகும் வரை. காய் பிடித்த பின் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல் அமுங்கினால், அது நோய் அல்ல. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. முட்டைக்கோது போட்டு அந்த வருடக் காயைக் காப்பாற்ற முடியாது, மக்க நாளாகும். தண்ணீரை ஒழுங்காக்குவதுதான் மருந்து.

இனிச் செத்த கன்று. தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுகம் மட்டும் தண்ணீரில் படும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால்போல் வெள்ளை இழை இறங்கினால் பற்றீரிய வாடல். அதற்கு மருந்து கிடையாது, யார் விற்றாலும் வாங்காதீர்கள். கன்றை மண்ணோடு கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள், கூட்டெருக் குழிக்குள் போட வேண்டாம். வாளியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள், கத்தியைக் கொதிநீரில் போடுங்கள், அந்த வாளிக்கு ஊற்றிய தண்ணீர் மற்ற வாளிக்கு வழியக்கூடாது. ஈரமும் சூடும் சேர்ந்த மண் இந்தக் கிருமிக்கு வாசி. பண்டாரவளையில் நீங்கள் இதை அதிகம் பார்த்திராததற்குக் காரணம் அதுதான். மேல்மண்ணை எங்கே வாங்கினீர்களோ அங்கே மறுபடி வாங்காதீர்கள். கத்தரி, மிளகாய், கறிமிளகாயும் இதே குடும்பம், அவற்றுக்கும் வரும். சுண்டங்காய்க் கன்றின் அடித்தண்டில் தக்காளியை ஒட்டினால் வேர் தாங்கி நிற்கும். தாவர நாற்றுக் கடைகளில் ஒட்டுக்கன்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சுன்னாகத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து நாலு வருடம். கொண்டுவந்து நட்ட ஒட்டுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது, மார்கழியில் பூக்காமல் செந்தளிர் விடுகிறது. பெயரிலேயே கொழும்பு இருக்கிறதே! முருங்கைத் தடியும் இரண்டு தரம் அழுகிவிட்டது.
— வெள்ளவத்தை வாசகி

பதில்: பெயரை நம்பி ஏமாந்தவர்கள் பலர். கறுத்தக்கொழும்பான் யாழ்ப்பாணத்து வரட்சியில் தேறிய மரம். மாமரம் பூக்க வேண்டுமானால் முற்றிய கொப்பு, சில வாரம் காய்ந்த மண், குளிர்ந்த இரவு ஆகியவை சேர வேண்டும். ஈரமும் சூடும் தொடர்ந்தால் அதே மொட்டு பூவாகாமல் தளிராக மாறும். உங்கள் மரத்தில் நடப்பது அதுவே. இந்த மார்கழி வழக்கத்தை விட வெக்கையாக இருந்தால் இன்னும் மோசம்.

மழையை நிறுத்த முடியாது. ஆனால் ஓகஸ்டுக்குப் பிறகு கொப்பு வெட்ட வேண்டாம், நைதரசன் பசளை போட வேண்டாம். அப்போதுதான் மார்கழியில் முற்றிய கொப்பு இருக்கும். டிசம்பரில் மழை விட்டதும் அடியிலுள்ள இலைகுழையை விலக்கி மண்ணைக் காயவிடுங்கள், பூ தெரியும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை கரும்பச்சையாகி, கையால் மடித்தால் 'பட்' என்று ஒடியும் பருவத்தில் பொட்டாசியம் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 20 கிராம் கரைத்து மாலையில் தெளிப்பது சில மரங்களில் பூவைத் தள்ளும். தளிர் இருக்கும்போது தெளித்தால் கருகும், பயனும் இல்லை. பூங்கொத்து விரல் நீளம் வந்ததும், மலர் விரியுமுன், செம்புப் பூஞ்சைநாசினியை லேபலில் உள்ள அளவில் ஒரு தரம் தெளியுங்கள். தப்பிப் பெய்யும் ஒரு மழையும் விடியற்பனியும் போதும், கொத்து முழுவதும் கறுத்துக் கொட்டும். உண்மையைச் சொன்னால், இந்த மரம் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் காய் தந்தாலே பெரிது. இன்னொரு குழிக்கு இடமிருந்தால் ஈரவலயத்தில் பழகிய கிளிமூக்கு மாங்கன்று வையுங்கள்.

முருங்கை அழுகியது நட்ட மாதத்தால். ஒக்டோபர் மழையில் யாழ்ப்பாணத்தில் ஊன்றுவது சரி, கொழும்பில் பிழை. டிசம்பர் கடைசிக்கு மேல், நாலடி நீளம், மணிக்கட்டுப் பருமன் தடியாக எடுத்து, நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். ஓர் அடி உயரத்துக்கு மண்மேடு கட்டி அதில் ஒன்றரை அடி இறக்குங்கள், மேல் வெட்டில் சாணம் அப்புங்கள். துளிர் வரும் வரை வாரம் ஒரு தரம் தண்ணீர் போதும். கடற்கரைப் பக்கம் மணல் என்றால் முருங்கைக்கு நல்லதே. இன்னொன்று: சுன்னாகத்துச் செம்மண்ணில் சுண்ணாம்பு தானாகவே உண்டு. கொழும்பின் உட்பகுதிக் கபூக் (செம்பூரான்கல்) மண் புளிப்பானது. அங்கே இருப்பவர்கள் நடுவதற்கு இரண்டு வாரம் முன் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் டொலமைட் தூவிக் கொத்த வேண்டும். மாட்டெருவையும் அதையும் ஒரே நாளில் கலந்தால் எருவின் நைதரசனில் ஒரு பகுதி வாயுவாகப் போய்விடலாம்.

கேள்வி: மழை நின்று மூன்று வாரத்தில் மிளகாய்க் கன்றின் குருத்தெல்லாம் சுருண்டுவிட்டது. வைரசா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: முதலில் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். இலை ஓரம் மேல்நோக்கி ஓடம்போல் மடிந்தால் பனிப்பூச்சி எனப்படும் திரிப்ஸ். கீழ்நோக்கிக் கவிழ்த்த ஓடம்போல் மடிந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. ஜனவரி – மார்ச் வரட்சியில் இரண்டும் பெருகும், மழையில் கழுவுண்டு போகும். எனவே முதல் மருந்து தண்ணீர்: மூன்று நாளுக்கு ஒரு தரம் காலையில் இலையின் அடியைக் குழாய்த் தண்ணீரால் பலமாக அடியுங்கள். 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, அரைத் தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். மறுநாள் வைத்திருந்தால் வீரியம் போகும். சிற்றுண்ணிக்கு நனையும் கந்தகம் லீற்றருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு மட்டும். பத்து நாளில் புதுக்குருத்து நேராக வந்தால் வைரஸ் அல்ல. நரம்பு தடித்து, கன்று குறண்டி, குருத்து மஞ்சள் திட்டோடு வந்தால் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: ஹற்றனில் எங்கள் வாசலில் நீலமாகப் பூத்த ஹைட்ரேன்ஜியாவை இரத்மலானைக்குக் கொண்டு வந்தோம். பூக்கவில்லை.

பதில்: பூக்காது. மொட்டு உருவாக ஆறு வாரம் அளவில் 18 பாகைக்குக் கீழே இரவு வேண்டும். ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அந்த நிழலில் அந்தூரியம் வருடம் முழுக்கப் பூக்கும்: உடைத்த ஓடும் தென்னந்தும்பும் போட்ட சட்டி, நேர் வெயில் படாத இடம்.

கேள்வி: பல்கனிச் சட்டிகளுக்குக் கீழே தட்டு வைக்காவிட்டால் கீழ்வீட்டாருக்குத் தண்ணீர் ஒழுகுகிறது. வைத்தால் டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் ஏசுகிறார்கள்.
— கல்கிசை வாசகி

பதில்: ஏசுவதோடு நின்றால் நல்லது, வழக்கும் போடலாம். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தட்டை விளிம்பு வரை கரடு மணலால் நிரப்பி அதன்மேல் சட்டியை வையுங்கள். வழியும் தண்ணீரை மணல் பிடித்துக்கொள்ளும், மேலே தேங்காது. மணல் மட்டத்துக்கு மேல் தண்ணீர் தெரிந்தால் நீங்கள் அதிகம் ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம். வாரம் ஒரு தரம் தட்டைக் கவிழ்த்து உள்விளிம்பைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் விளிம்பில் ஒட்டிய முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.